மூன்று வாரப் பயிற்றுநர் வேண்டாம்: கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, பள்ளி மேலாளர் வாரியத்தினரே, வணக்கம்.

அண்மையில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் படித்த பள்ளி, அவ்வளவுதான். வரவு செலவு வாசித்து, கேண்டீன் சாப்பாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, கடைசியில் பத்து நிமிடம் புறப்பாடத்துக்கு மிஞ்சியது. "போலா பாலிங் அணி இந்த வருசம் இல்லை" என்றார்கள். ஏன் என்று ஓர் அம்மா கேட்டார். "கோச் இல்லைம்மா" என்று பதில் வந்தது. அப்புறம் விளையாட்டுச் சட்டைக்கு என்ன நிறம் என்பதற்குப் போய்விட்டார்கள்.

அந்த மண்டபத்தில் அதே பள்ளிக்காக அந்தப் போலா பாலிங், அதாவது எறிபந்து, ஆடியவர்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் வட்டார அணிக்கு கோல்கீப்பராக நின்றவர். மடியில் தூங்கும் மகளோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத்தான் இந்த மடல்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எறிபந்து என்றால் பாதிப் பேர் வலைக்கு மேலே தட்டும் ஆட்டத்தை நினைக்கிறார்கள். அது கைப்பந்து. நான் சொல்வது பிள்ளைகள் போலா பாலிங் என்று சொல்லும் ஆட்டம், ஆங்கிலத்தில் ஹேண்ட்பால். பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்தைக் கையில் பிடித்தால் மூன்று விநாடி, மூன்று அடி, அதற்குள் எறிய வேண்டும், தட்ட வேண்டும், அல்லது கொடுக்க வேண்டும். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். இந்த அளவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஃபுட்சால் கோலும் இதே அளவுதான். ஃபுட்சாலுக்காகப் போன வருடம் கோடு போட்டு கோல்கம்பம் வாங்கிய பள்ளிகள், எறிபந்துக்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது என்று தெரியாமலே முடித்து வைத்திருக்கிறீர்கள்.

சரி, கோச் கதைக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரி, தைப்பூசத்துக்கு முந்திய வாரம். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம் நார்வேயில், ஆஸ்லோவுக்குப் பக்கத்தில், நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் செந்தூலில், வீட்டுக் கூடத்தில், சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்மார்க் 32, குரோஷியா 26. தோற்ற பக்கத்தின் பெஞ்சில் நின்ற பயிற்றுநர்தான் எனக்கு முக்கியம். பெயர் டாகுர் சிகுர்ட்சன், ஐஸ்லாந்துக்காரர். அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. சிகுர்ட்சன் என்றால் சிகுர்டுரின் மகன். நம் அடையாளக் கார்டில் இன்னாரின் மகன் என்பதற்கு ஏ/எல் போடுகிறோமே, அதே கணக்கு. அதனால் டாகுர் என்றே சொல்கிறேன். எனக்கு அவர் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி ஆகிவிட்டார்.

டாகுர் நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டும் ஆள். வாலுர் என்ற உள்ளூர் கிளப்பில் தொடங்கி, 1996இல் ஜெர்மனியில் வுப்பர்டாலுக்குப் போனார். அங்கே நான்கு வருடம். பிறகு யாரும் எதிர்பார்க்காத பக்கம் திரும்பினார். 2000இல் ஜப்பானுக்கு, ஹிரோஷிமா பக்கம் ஒரு மருந்து நிறுவனத்தின் அணிக்கு ஆடப் போனார். வாகுனாகா என்று அந்த நிறுவனத்துக்குப் பெயர். மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு 2003இல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரத்துக்கு வந்தார்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். பிரெகென்ஸ் கிளப் அவரை வெறும் ஆட்டக்காரராக எடுக்கவில்லை. ஆடவும் வேண்டும், அணிக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். முப்பது வயது, இன்னும் முழுசாக ஓடக்கூடிய கால். காலையில் தானும் வியர்க்க வேண்டும், மாலையில் மற்றவர்களை வியர்க்க வைக்க வேண்டும். 2007 வரை நான்கு வருடம் இப்படி ஓடியது. ஆடும்போதே ஒருவரைப் பயிற்றுநராக நம்பிய கிளப் அது. பின்னாளில் ஜெர்மனி கையில் வாங்கிய மனிதரை அந்தக் கிளப்தான் செய்து கொடுத்தது என்பேன்.

அப்புறம் 2008இல் ஆஸ்திரியா தேசிய அணி. 2009இல் பெர்லினில் ஃபுக்ஸே கிளப். கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். 2014இல் ஜெர்மனி தேசிய அணி. அந்த நேரத்து ஜெர்மனி, அந்த வருட ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதியே பெறாத அணி. பெருமைக்குக் குறைவில்லாத நாடு, ஆனால் அன்று கீழே கிடந்தது.

2016 ஜனவரி, போலந்து. ஐரோப்பியப் போட்டிக்கு முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் காயத்தில். முதல் ஆட்டமே ஸ்பெயினிடம் தோல்வி. நடுவில் இன்னும் இரண்டு பேர் காயம், வீட்டில் இருந்த இருவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் காய் ஹெஃப்னர். அரையிறுதியில் நார்வேயை 34-33 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தபோது, கடைசி விநாடிகளில் அந்தக் கோலை எறிந்தவர் அவர்தான். இறுதியில் அதே ஸ்பெயின், இப்போது 24-17. அந்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வந்தது.

எனக்குப் பிடித்தது கோப்பையில்லை, அவருடைய டைம் அவுட். எறிபந்தில் டைம் அவுட் கேட்க, பெஞ்சில் இருப்பவர் ஒரு பச்சை அட்டையை மேசையில் வைக்க வேண்டும். ஒரே நிமிடம் கிடைக்கும். பல கோச்சுகள் அந்த நிமிடத்தில் நாற்பது விநாடி கத்துவார்கள். டாகுர் கையில் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் கிறுக்கி, இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி, முடித்துவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். காரணம் பிறகு சொல்கிறேன்.

2017இல் பழைய ஹிரோஷிமா தொடர்பு வேலை செய்ததோ என்னவோ, ஜப்பான் தேசிய அணிக்குப் போனார். நம்மைப் போன்ற ஆசியக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. உயரமான ஐரோப்பியர்களோடு மோதும் குட்டையான, வேகமான பையன்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் போர்ச்சுக்கலை 31-30 என்று ஜெயித்தார்கள், ஆனால் காலிறுதிக்கு நூலிழையில் போகவில்லை. 2023 அக்டோபரில் தோஹாவில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டி இறுதியில் பஹ்ரைனை ஜெயித்துப் பாரிஸுக்கு இடம் பிடித்தார்கள். தோக்கியோவில் போட்டியை நடத்தும் நாடாக ஆடியதை விட்டுவிட்டால், ஜப்பான் ஆண்கள் தாங்களே சம்பாதித்து ஒலிம்பிக்குப் போவது 1988க்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஏழாவது வருடத்தில் வந்த பலன். ஏழாவது வருடம். நாம் ஏழு வாரம் கொடுக்கிறோமா?

அந்தத் தோஹா இறுதியில் பஹ்ரைன் பெஞ்சில் நின்றவரும் ஐஸ்லாந்துக்காரர்தான், ஆரோன் கிறிஸ்டியான்சன். 2025 உலகக் கோப்பையில் குரோஷியா, ஜெர்மனி, பஹ்ரைன், ஐஸ்லாந்து என்று நான்கு அணிகளின் பெஞ்சில் ஐஸ்லாந்துக்காரர்கள். ஜெர்மனியில் 2020 முதல் ஆல்ஃபிரெட் கிஸ்லாசன். பெண்கள் பக்கம் நார்வேயை 2009 முதல் 2024 வரை நடத்தி, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த தோரிர் ஹெர்கெய்ர்சனும் அதே ஊர். அவர் 2001 முதல் எட்டு வருடம் அங்கே துணைப் பயிற்றுநராக நின்றுவிட்டுத்தான் முன்னால் வந்தார்.

ஐஸ்லாந்தின் மக்கள் தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. மலேசிய இந்தியர்கள் மட்டும் இருபது லட்சம் அளவில் இருக்கிறோம். கணக்கு எங்கே இடிக்கிறது?

நான் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டது இதுதான். அங்கே மூத்த அணியில் ஆடுபவர்களே அதே கிளப்பின் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது சாதாரணம். அதற்குப் படிப்பு உண்டு, சம்பளமும் உண்டு. சம்பளம் வாங்குகிறவன் மழை பெய்தாலும் வருவான். நம் ஊரில் "பழைய மாணவன்தானே, சேவையாகச் செய்யட்டும்" என்போம். மூன்றாவது சனிக்கிழமை அவன் ஓவர்டைமுக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானே போயிருக்கிறேன்.

இப்போது என் கதை. சுருக்கமாக.

ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது என் மலாய் மோசம், பெராலிஹான் என்ற ஒரு வருடப் புகுமுக வகுப்பில் போட்டார்கள். ஒரு வருடம் யாரோடும் பேசாமல் ஓரமாக இருந்த பையன் நான். ஒரு மாலை எறிபந்து தேர்வு என்று திடலில் கூட்டம். தமிழ்ப்பள்ளியில் இரண்டு வருடம் ஆடியிருந்ததால் இடது விங்கில் நின்று, மூலையிலிருந்து குதித்து ஒரு பந்து போட்டேன். கோல்கீப்பராக நின்ற மலாய்க்காரப் பையன் எழுந்து வந்து என் பெயரைக் கேட்டான். அந்தப் பள்ளியில் என் பெயரை முதலில் கேட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு மலாய் தானாக வந்தது. பந்து கேட்க, திட்ட, சிரிக்க மலாய்தானே வேண்டும். படிவம் மூன்றில் அதே பாஷையில் கட்டுரை எழுதித் தேர்ச்சி பெற்றேன். "விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்" என்று சொல்லும் பெற்றோருக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

பிறகு நான் ஏர்கோன் (குளிர்சாதன) வேலைக்குப் போனேன். சில வருடம் முன்பு பள்ளியில் கூப்பிட்டார்கள். ஒரு விளையாட்டு ஆசிரியர், நல்ல மனுசர், தன் கைக்காசில் பெட்ரோலுக்கு இருபது வெள்ளி கொடுப்பார். முதல் வருடம் நான் மோசமான கோச். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கத்துவார், அதனால் நானும் கத்தினேன். வட்டாரப் போட்டியில் ஒரு டைம் அவுட்டில் ஒரு நிமிடமும் கத்தி முடித்துத் திரும்பினால், விங்கில் நின்ற பெண்பிள்ளை தேம்பிக்கொண்டிருக்கிறாள். முதல் சுற்றிலேயே வெளியே. டாகுரின் சின்னப் பலகையைப் பார்த்தால் வெட்கம் என்றேனே, அது இதனால்தான்.

இரண்டாம் வருடம் கொஞ்சம் தேறினேன். ஒரு பையன் மூன்று அடி எடுத்துக் குதிக்கத் தடுமாறிக்கொண்டே இருந்தான். இடது, வலது, இடது என்று சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தேன், பிடிபடவில்லை. கோயில் திருவிழாவில் உருமி அடிக்கிற பையன் அவன். "டேய், இது தகிடதான்டா. 'ட'வில் குதி" என்றேன். த, கி, ட. ஆறு மீட்டர்க் கோட்டுக்கு முன்னால் இடது கால் அடித்துக் காற்றில் ஏறினான். கோட்டுக்கு உள்ளே தரையை மிதிக்கும் முன்னால் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது விதி. போயிருந்தது. கோல்கீப்பர் தோளுக்கு மேலே வலை குலுங்கியது. அந்தக் காலை முழுக்க வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் தகிட சொல்லிச் சொல்லிக் குதித்தார்கள். கேண்டீன் அக்கா மைலோ கலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அந்த வருடமும் தோற்றோம், ஆனால் இரண்டாம் சுற்றில். மூன்றாம் வருடம் அந்த ஆசிரியருக்கு இடமாற்றம். புதிதாக வந்த சங்கப் பொறுப்பாளர்கள் "முடிவு காட்டும் ஆள் வேண்டும்" என்று வெளியிலிருந்து ஒருவரை, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என் ஆறு மாதப் பெட்ரோலைவிட அதிகப் பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் கொண்டுவந்தது பெரியவர்களுக்கான மூன்றாம் நம்பர் பந்து, சுற்றளவு 58 செ.மீ.க்குக் குறையாது. பதினொரு வயதுக் கைக்கு ஒன்றாம் நம்பர், அதாவது 50 முதல் 52 செ.மீ. வேண்டும். பிள்ளைகள் கூடைப்பந்து மாதிரி இரண்டு கையாலும் தள்ளினார்கள். உருமிப் பையனின் தகிட காணாமல் போனது. 11-3 என்று தோற்று வந்தார்கள். அடுத்த வருடம் அவரும் வரவில்லை, நானும் இல்லை. அதற்கடுத்த பொதுக்கூட்டத்தில் "கோச் இல்லைம்மா".

உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய விஷயமில்லை. தேசிய அணி, ஒலிம்பிக் எல்லாம் இப்போது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது பிரெகென்ஸ் செய்த வேலை: ஆடுகிறவனை, ஆடும் வயதிலேயே, கொஞ்சம் பணமும் கொஞ்சம் நம்பிக்கையும் கொடுத்து நிறுத்தி வைப்பது. உங்கள் பள்ளியிலிருந்து போய் இடைநிலைப் பள்ளியில் ஆடிக்கொண்டிருக்கும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளைச் சனிக்கிழமை கூப்பிடுங்கள். ஒரு பெரியவரோடு துணையாக நிற்கட்டும், கோல்கீப்பர் பிள்ளைக்கு மட்டும் பந்து போடட்டும், அதுவே தொடக்கம். பெண்பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். 1988இலும் 1992இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது தென்கொரியப் பெண்கள், ஐரோப்பியர்கள் இல்லை.

பதினெட்டு தாண்டியவர்களில் ஒருவரையாவது பயிற்றுநர் சான்றிதழுக்கு அனுப்புங்கள். நம் நாட்டிலேயே தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் திட்டம் இருக்கிறது, மூன்று நிலை. விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, அந்தந்த ஆட்டம் ஒரு பகுதி. முதல் நிலைக்குக் கட்டணம் கட்ட ஒரு ஆண்டு விருந்தில் ஒரு மேசையைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிறேன். (ஆண்டு விருந்தைக் குறை சொல்கிறேன் என்று என் சித்தப்பா கோபிப்பார். அவர் ஒரு சங்கத்தில் பொருளாளர்.)

அனுப்பிய பிறகு மூன்று வருடம் அந்த ஆளை மாற்றாதீர்கள். முதல் வருடம் தோற்பார், பிள்ளையை அழவும் வைப்பார். அந்த வருடத்துக்கான செலவை ஏதோ ஒரு பள்ளி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அதை ஏற்காமல் தயாரான ஆளை மட்டும் வாங்கப் பார்த்தால், மூன்று வாரத்துக்கு எட்டும் ஆள்தான் கிடைப்பார்.

பெட்ரோல் காசு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஓர் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து வாங்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. சங்கத்தின் ரசீதில் வாங்கியிருந்தால் கூச்சம் இருந்திருக்காது, ஓவர்டைமுக்கும் போயிருக்க மாட்டேன்.

பொதுக்கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அந்தக் கோல்கீப்பர் நண்பரிடம் பேசினேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டே, "நீ வந்தா நானும் வர்றேன்டா, ஆனா கீப்பருக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன்" என்றார். மற்ற இருவரில் ஒருவர் சரி என்றுவிட்டார், ஒருவர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். என் ஸ்டோர் ரூமில் ஒன்றாம் நம்பர் பந்து ஆறு இருக்கிறது, இரண்டுக்குக் காற்று இறங்கியிருக்கிறது, பம்பும் இருக்கிறது.

பள்ளித் திடலின் கேட் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. சாவி காவலாளி ஜாகாவிடம்தான் இருக்கிறது, தலைமையாசிரியரின் கடிதம் இல்லாமல் திறக்கமாட்டேன் என்கிறார், அது அவர் வேலை. அந்த ஒரு கடிதத்தை இந்த வாரம் எழுதிக் கொடுங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாங்கள் மூன்று பேர் கேட்டுக்கு வெளியே இருப்போம். நான்காமவர் இன்னும் மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய மாணவன், இடது விங்,
செந்தூல், கோலாலம்பூர்